மூச்சு சொன்னதும் இதயம் கேட்காததும்

என் ஜாபர் அண்ணனுக்கு,

மையவாடிக்குள் நுழையும்போது அங்கே அடங்கியிருப்பவர்களுக்குச் சலாம் சொல்வது நம் வழக்கம். பெண்கள் உள்ளே வருவதில்லை என்பதால் எனக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதனால் பல்லாவரத்து வீட்டின் முன்னறையில் உட்கார்ந்துகொண்டு இங்கிருந்தே சொல்கிறேன். அஸ்ஸலாமு அலைக்கும், அண்ணே.

வீட்டில் எல்லோரும் இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் இன்னும் மோசம், நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறார்கள். உன் மகள் சுமையா எல்.கே.ஜி. போகிறாள். வேனில் ஏறும்போது அழுவதில்லை, சாயங்காலம் வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் அழுகிறாள், பள்ளிக்கூடம் அவ்வளவு பிடித்துவிட்டது. ஒரு சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததையெல்லாம் ஒருமுறை வரிசையாகச் சொல்லவேண்டும் போல இருக்கிறது. உனக்குத் தெரிந்ததுதானே என்பாய். உன் பக்கத்திலிருந்து உனக்குத் தெரியும். என் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்று நீ கேட்டதே இல்லையே.

இதைப் பிறரும் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நீ எதையும் மூடிவைக்கிற ஆள் இல்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் உன் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கல்லாவில் உட்கார்ந்து, வாடிக்கையாளர் பார்க்கும்போதே சட்டையைத் தூக்கி வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொள்வாய். "இன்னா பாய், இவ்ளோ சின்ன வயசுல சக்கரையா" என்று கேட்பவர்களிடம், "பள்ளிக்கூடத்துல இருந்தே கீதுப்பா, எனக்கு அது கூடப் பொறந்த மாதிரி" என்பாய். மருந்துக் குப்பி பக்கத்துக் கூல்டிரிங்ஸ் கடை பிரிட்ஜில், கலர் பாட்டில்களுக்கு நடுவில் இருக்கும்.

நான் மருத்துவம் முடித்துவிட்டு உடலியங்கியலில் மேற்படிப்பு சேர்ந்தபோது வீட்டில் யாருக்கும் அது என்னவென்று புரியவில்லை. "ஊசி போட மாட்டியா, மாத்திரை எழுத மாட்டியா, அப்புறம் எதுக்கு டாக்டர்" என்று அம்மா கேட்டார்கள். நீ மட்டும் என் ஆய்வைப் பற்றிப் பொறுமையாகக் கேட்டாய். சாப்பிட்டு முடித்துக் கை காய்ந்துபோகும் வரை கேட்டாய்.

அன்று நான் சொன்னது இதுதான். நல்ல இதயம் கடிகாரம் மாதிரி ஒரே சீராக அடிப்பதில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது கொஞ்சம் விரையும், வெளியே விடும்போது கொஞ்சம் தணியும். மூளையிலிருந்து இதயத்துக்கு ஒரு நரம்பு போகிறது, அது பிரேக் மாதிரி. இழுக்கும்போது பிரேக் விடுகிறது, விடும்போது பிடிக்கிறது. மூச்சை மெதுவாக்க மெதுவாக்க அந்த ஏற்ற இறக்கம் பெரிதாகும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்கிற அளவுக்கு வரும்போது பெரும்பாலானவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அதற்கு மேல் வேகமாக மூச்சு விட்டால் அலை சிறுத்துப்போகும்.

"அப்போ ஒரே சீரா ஓடுறது நல்ல வண்டி இல்லையா?" என்றாய்.

"மனுஷனுக்கு இல்லண்ணே."

"விசித்திரமா இருக்கே," என்று சொல்லிவிட்டுத்தான் கை கழுவப் போனாய்.

ஆய்வுக்கு ஆட்கள் வருவதற்கு முன்னால் கருவியைப் பழகிப்பார்க்க எனக்கு ஒருவர் தேவைப்பட்டார். நீ கடையை மெக்கானிக் துரையிடம் விட்டுவிட்டு வந்தாய். எங்கள் கல்லூரி ஆய்வறை உனக்கு நினைவிருக்கும். ஏ.சி. சத்தம் போடும், குளிர் வராது. நீ கட்டிலில் படுத்துக்கொண்டு, நெஞ்சில் வயர் ஒட்டும்போது கூச்சத்தில் நெளிந்தாய். மூச்சைப் பார்க்க மார்பைச் சுற்றி ஒரு பட்டை கட்டினேன். திரையில் ஒரு பச்சைக்கோல் ஏறும், இறங்கும். ஏறும்போது இழு, இறங்கும்போது விடு என்றேன்.

நீ அதை மிக அழகாகச் செய்தாய். சின்ன வயதிலிருந்தே குர்ஆன் ஓதுகிற பழக்கம் உனக்கு. ஒரு நீண்ட ஆயத்தை ஒரே மூச்சில் ஓதி முடித்து, அவசரமில்லாமல் அடுத்த மூச்சை எடுப்பாய். பள்ளிவாசலில் உன் ஓதலைக் கேட்கவே சிலர் முன்வரிசைக்கு வருவார்கள். அதனால் பச்சைக்கோல் உனக்கு ஒரு வேலையே இல்லை. மூச்சின் கோடு வட்டமான குன்றுகளாக வந்தது, ஒவ்வொன்றும் ஒரே உயரம்.

அதற்குக் கீழே இதயத்தின் வேகத்தைக் காட்டுகிற கோடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

வயர் ஒட்டவில்லை என்று நினைத்தேன். எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டினேன். அதே கோடு. உன்னை எழுந்து உட்காரச் சொல்லிவிட்டு நானே படுத்து எனக்கு ஒட்டிப்பார்த்தேன். என்னுடையது அலை அலையாக ஏறி இறங்கியது. திரும்ப உன்னைப் படுக்கவைத்தேன். மூச்சு குன்று குன்றாகப் போயிற்று. இதயம் மட்டும் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி, கொஞ்சம் வேகமாக, ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

நீ திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"வயர் சரியில்லையா நஸி?"

"வயர் சரியாத்தான் இருக்குண்ணே."

"அப்போ நான்தான் சரியில்லை."

எங்கள் துறைத்தலைவர் மேடம் வந்து பார்த்தார். உன்னை எழுந்து நிற்கச் சொல்லி ரத்த அழுத்தம் பார்த்தார். குனிந்து கீழ்த்தட்டிலிருந்து சாமான் எடுத்து நிமிரும்போது தலை சுற்றுமா என்று கேட்டார். சுற்றும், ஷெல்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், வெயில்தான் காரணம் என்று நினைத்தேன் என்றாய். சாப்பிடும்போது நெற்றி வேர்க்குமா என்று கேட்டார். நீ சிரித்துவிட்டாய். "எங்கம்மா வெக்கிற காரத்துக்கு யாருக்குத்தான் மேடம் வேர்க்காது?"

மேடம் சிரிக்கவில்லை. பல வருடச் சர்க்கரை அந்த நரம்பைத் தின்றுவிட்டது என்று நிதானமாகச் சொன்னார். மூச்சு எவ்வளவு மெதுவாகப் போனாலும் இதயத்துக்குச் செய்தி போய்ச்சேரவில்லை. அதோடு இன்னொன்று, இதயத்தில் கோளாறு வந்தால் எல்லோருக்கும் வருகிற நெஞ்சுவலி உனக்கு வராமல் போகலாம்.

"பிரேக் கேபிள் போயிடுச்சு, அதானே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாய்.

"முழுசாப் போகலண்ணே. நைஞ்சுடுச்சு."

"மாத்த முடியாதா?"

"இந்த வண்டிக்கு ஸ்பேர் கிடையாது."

உன் பாஷையிலேயே பதில் சொன்னால் உனக்கு லேசாக இருக்கும் என்று நினைத்தேன். சொல்லிவிட்டு வயர்களைச் சுருட்டத் தொடங்கினேன். நீ சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே, "இனிமே மெதுவா ஓட்டிக்கிறேன்," என்றாய்.

வீட்டுக்கு வரும் வழியில் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் வண்டியை நிறுத்தி டீ வாங்கித் தந்தாய். சர்க்கரை இல்லாமல் உனக்கு, சர்க்கரையோடு எனக்கு. அப்போது உனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். பெண், பல்லாவரத்தில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் ஷூக்களைச் சோதித்துப் பார்க்கிற வேலையில் இருந்த ஜீனத். சர்க்கரை இருப்பது அவர்களுக்குத் தெரியும். இது தெரியாது.

"அந்தப் பொண்ணுக்குச் சொல்லணும்," என்றாய்.

"அம்மா சம்மதிக்க மாட்டாங்கண்ணே. சம்பந்தம் கலைஞ்சுடும்னு பயப்படுவாங்க."

"கலையட்டும். தெரிஞ்சு கலைஞ்சா அது அவ முடிவு. தெரியாம நடந்தா அது என் ஏமாத்து."

அடுத்த வாரமே ஜீனத்தை ஆய்வறைக்கு வரவழைத்தாய். அவளைப் பெற்ற அத்தா துணைக்கு வந்து வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நீ உன் கோடு விழுந்த தாளை அவளுக்குக் காட்டினாய். மேடமும் பக்கத்தில் இருக்க, நான் விளக்கினேன். அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, "எனக்கும் போட்டுப் பாருங்க," என்றாள். உன்னை வெளியே அனுப்பிவிட்டு அவளுக்கு வயர் ஒட்டினேன். அவளுடைய இதயம் மூச்சோடு சேர்ந்து எவ்வளவு தாராளமாக ஏறி இறங்கியது தெரியுமா? அச்சு எடுத்து, நீ உள்ளே வந்ததும் இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஷூத் தையலைப் பார்க்கிற மாதிரி விரலை வைத்து இரண்டு கோட்டையும் தடவிப் பார்த்தாள்.

"மூச்சு சொல்றது இவங்க இதயத்துக்குக் கேக்கல. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"சத்தமாச் சொன்னாக் கேக்குமா?"

அவள் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். இல்லை என்றேன். அப்புறம் மேடத்திடம் திரும்பி, "வலி வராதுன்னா, வந்துடுச்சுன்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது?" என்று கேட்டாள். காரணமில்லாத வேர்வை, மூச்சு வாங்குவது, குமட்டல், திடீரென்று தாங்க முடியாத அசதி, இவற்றில் எது வந்தாலும் யோசிக்காமல் ஆஸ்பத்திரி என்று மேடம் சொன்னார். ஜீனத் அதை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப்பார்த்துக்கொண்டாள். பிறகு உன்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"இவங்களுக்குத் தெரியலன்னா என்ன. நான் பாத்துக்கறேன்."

நீ அந்த இரண்டு தாளையும் ஒன்றாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாய். 

கல்யாணத்துக்குப் பிறகு விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு நீங்கள் இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து மெதுவாக மூச்சு விடுவீர்கள். பால்காரர் மணி அடித்தால்கூட எழுந்துவர மாட்டீர்கள், நான்தான் போய் வாங்குவேன். இன்சுலினை வேளை தவறாமல் போட்டாய். நெய்ச்சோற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு நகர்ந்தாய். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறைக்கு வந்து படுத்தாய். ஏதாவது மாறியிருக்குமா என்று நான் உன்னைவிட அதிகமாக ஆசைப்பட்டேன். ஒருமுறை கோடு லேசாக நெளிந்த மாதிரி இருந்தது. மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "நஸீமா, நீ பார்க்க நினைக்கிறதைப் பார்க்கற," என்றார். அவர் சொன்னது சரி. அது ஒன்றும் இல்லை.

"மெதுவா மூச்சு விட்டு என்னண்ணே பிரயோஜனம், கோடு அப்படியேதானே இருக்கு," என்று நான்தான் ஒருநாள் சலித்துக்கொண்டேன். நீ வயரைக் கழற்றிக்கொண்டே பதில் சொன்னாய். "அது கேக்கலன்னா போவுது. எனக்குக் கேக்குது இல்ல? கோவம் வரல, தூக்கம் வருது. இதயத்துக்காகப் பண்ணலம்மா இப்போ. எனக்காகப் பண்றேன்."

நான் எழுதிய ஆய்வில் இந்த வாக்கியத்துக்கு இடம் இல்லை. ஆனால் இப்போது பாடம் நடத்தும்போது மாணவர்களுக்கு இதைச் சொல்கிறேன். மெதுவான மூச்சு எல்லா இதயத்தையும் ஆட்டிவிடாது, நரம்பு நன்றாக இருந்தால்தான் ஆட்டும். ஆனால் ஆடாத இதயத்தோடு இருக்கிற மனுஷனுக்கும் அதனால் ஒரு அமைதி கிடைக்கலாம், அதை எந்தக் கோட்டில் அளப்பது என்று எனக்குத் தெரியாது என்கிறேன். அவர்கள் பரீட்சைக்கு வருமா என்று கேட்கிறார்கள்.

சுமையா பிறந்தாள். உன் நெஞ்சின்மேல்தான் தூங்குவாள். அவள் காதுக்குக் கீழே ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்த அந்த இதயத்தைக் கேட்டுக்கொண்டு எவ்வளவு சீக்கிரம் தூங்கிப்போவாள். எங்களை அவ்வளவு பயமுறுத்திய ஒன்று அவளுக்குத் தாலாட்டாக இருந்ததை என்னவென்று சொல்ல?

பிறகு அந்தக் கோடைகாலம்.

நடந்ததைத் துரை சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலையிலிருந்தே நீ சரியாக இல்லையாம். "இன்னா பாய், மூஞ்சி ஒரு மாதிரி கீதே, இப்டி வேர்த்துக்கினு கீதேன்னு கேட்டேங்க்கா. வெயிலுன்னாரு. நெஞ்சு வலிக்குதான்னு கேட்டேன். இல்லப்பா, எங்கயும் வலிக்கலன்னாரு. அதுக்கு மேல நான் இன்னா கேப்பேன்?" அவன் கண் கலங்கிக்கொண்டே சொன்னான். அவன்மேல் என்ன தப்பு? வலிக்கவில்லை என்று சொல்கிறவனைப் பற்றி யார்தான் பயப்படுவார்கள்?

ஜீனத் பயந்தாள். மத்தியானச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தவள், நீ டிபன் கேரியரைத் திறக்காமல் வைத்திருப்பதைப் பார்த்தாள். உன் நெற்றியில் கைவைத்தாள். அவ்வளவுதான். "ஆட்டோ கூப்புடு துரை," என்றாள். நீ கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்றாயாம். "கடை கெடக்கட்டும்," என்று உன் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். ஆட்டோவிலிருந்தே எனக்குப் போன் செய்தாள். அவள் குரல் நடுங்கவில்லை. "வேர்வை இருக்கு, அசதி இருக்கு, குமட்டல் இருக்கு. நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு."

நான் வந்தபோது உன்னைப் படுக்கவைத்திருந்தார்கள். இதயத்தின் பெரிய ரத்தக்குழாய் அடைத்து வெகுநேரம் ஆகிவிட்டது என்று அந்த டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். காலையிலேயே தொடங்கியிருக்கும் என்றார். மருந்து போய்க்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் நீ சிரிக்கப் பார்த்தாய்.

"எங்கயும் வலிக்கல நஸி. நிஜமா."

"தெரியும்ண்ணே."

"மூச்சுதான் கொஞ்சம் வாங்குது. நீ எண்ணு. நான் விடறேன்."

உன் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். வழக்கமாக எண்ணுகிற மாதிரி நிறுத்தி, நிதானமாக. உன்னால் முடியவில்லை. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருந்தது, பாதியிலேயே அடுத்த மூச்சுக்குத் தவித்தாய். ஆனாலும் என் எண்ணிக்கைக்கு ஈடுகொடுக்கப் பார்த்தாய், சின்ன வயதில் என் சைக்கிளுக்குப் பின்னால் ஓடிவந்த மாதிரி. அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. நான் என் எண்ணிக்கையை வேகமாக்கினேன். நீ இழுத்தபோது இழு என்றேன், விட்டபோது விடு என்றேன். எத்தனையோ பேரின் மூச்சை என் எண்ணிக்கைக்குப் பின்னால் வரவைத்தவள் நான். அன்று உன் மூச்சுக்குப் பின்னால் நான் ஓடினேன். நீ சரியாகச் செய்துகொண்டிருப்பதாக நினைத்து ஒருமுறை தலையை ஆட்டினாயே, அது போதும் எனக்கு.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்போது நீ இல்லை.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆறுதல் சொன்னார்கள். "வலியே இல்லாம போயிட்டாரு, குடுத்துவெச்சவரு." நல்ல மனசோடு சொன்னார்கள். அம்மாவுக்கு அது ஆறுதலாகவும் இருந்தது. நான் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வலித்திருந்தால் நீ காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பாய். அந்த வலி உனக்கு வராமல் போனதுதான் உன்னைக் கொண்டுபோயிற்று. இதை நான் யாரிடம் விளக்குவேன்? நெஞ்சு வலிக்கிறது என்று பயந்துகொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் இப்போது எனக்குப் பொறாமையாக இருக்கிறது, அண்ணே. இது சரியா?

ஜீனத் உனக்காக இத்தா இருந்த நாலு மாதம் பத்து நாளும் வெளியே வராமல் உன் அறையிலேயே இருந்தாள். அது முடிந்ததும் கடைக்குப் போனாள். துரை பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க, எந்த வண்டிக்கு எந்த பிரேக் ஷூ என்று ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டாள். யாரிடமும் அழவில்லை. ஆனால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, மூச்சு முழுதாக உள்ளே போகவில்லை என்று சொல்லத் தொடங்கினாள். எல்லாச் சோதனையும் செய்தோம், ஒன்றும் இல்லை. போன வருடம் ஒருநாள் அவளை ஆய்வறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

முதலில் சும்மா படுத்திருக்கச் சொன்னேன். மூச்சு மேலோட்டமாக, பறக்கப் பறக்கப் போய்க்கொண்டிருந்தது. இதயத்தின் கோடு சின்னச் சின்னச் சுருக்கங்களாக, கசங்கிய துணி மாதிரி இருந்தது. பிறகு பச்சைக்கோலோடு போகச் சொன்னேன். அவளால் முடியவில்லை. பாதி ஏறும்போதே விட்டுவிடுவாள். கண்ணை மூடிக்கொண்டு நான் சொல்வதை மட்டும் கேள் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு நீண்டது. அது நீள நீளக் கோடும் மெல்ல அசைந்தது. முதலில் தயங்கி, பிறகு நன்றாக, ஏறி, இறங்கி, ஏறி. நரம்பு பத்திரமாகத்தான் இருந்தது. அவள்தான் இத்தனை நாளாய் அதற்கு ஒரு நல்ல மூச்சைக்கூடக் கொடுக்காமல் இருந்தாள்.

கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அவங்களுக்கு இது ஒரு தடவையாவது வந்திருக்கலாம்," என்றாள். அப்புறம்தான் அழுதாள். "பாத்துக்கறேன்னு சொன்னேனே நஸீமா. பாத்துக்கலையே."

"நீதான் பாத்தே. கூடவே இருந்த துரைக்குத் தெரியல, அண்ணனுக்கே தெரியல. கை வெச்ச உடனே உனக்குத் தெரிஞ்சுது. நேரம்தான் நம்ம கையில இல்ல."

அவள் நம்பினாளா என்று தெரியாது. அன்றைக்கு நம் வீட்டுக் கூடத்தில் படுத்து மத்தியானம் முழுவதும் தூங்கினாள். சுமையாவை நானும் அம்மாவும் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டோம்.

இனி அந்தச் சேதி.

ஜீனத்துக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. அவள் அத்தாதான் கொண்டுவந்தார். கரீம் என்று பெயர். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் போர்மேன். முதல் மனைவி காய்ச்சலில் மௌத்தாகிவிட்டார், குழந்தை இல்லை. ஜீனத் முதலில் முடியாது என்றாள். பிறகு பேசிப் பார்க்கிறேன் என்றாள். நானும் கூட இருந்தேன். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"என் மக என்கூடத்தான் வருவா."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். "அதான் ரெண்டு ரூம் வூடாப் பாத்து வெச்சுகினு வந்தேன்."

அந்த ஒரு பதிலில் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பிடித்ததற்காகவே அன்று முழுவதும் நான் உனக்கு ஏதோ தொலைவாகிவிட்ட மாதிரியும் இருந்தது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

அம்மாதான் ஜீனத்திடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். கோபம் இல்லை. சுமையாவின் சட்டைகளை எடுத்து எடுத்து மடித்துவைப்பார்கள், திரும்பக் கலைத்து மடிப்பார்கள். ஜீனத் எதிரில் வந்தால் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். வாரக்கணக்கில் இப்படியே போயிற்று. ஜீனத்தும், "அம்மா மனசு நோகறதா இருந்தா எனக்கு வேணாம்," என்று சொல்லிவிட்டாள். இதோடு நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை காலை. நாங்கள் மூன்று பேரும் ஆப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல் கேட்டார்கள்.

"அந்தப் பையனுக்குச் சக்கரை கிக்கரை இருக்கான்னு கேட்டீங்களா?"

ஜீனத் கையில் எடுத்த ஆப்பத்தை அப்படியே வைத்துவிட்டாள்.

"கேக்கலம்மா," என்றேன்.

"கேக்காம என்ன சம்பந்தம் பேசுறீங்க? நாளைக்கே ரத்தம் குடுக்கச் சொல்லு. வெறும் வயித்துல ஒண்ணு, சாப்புட்டு ஒண்ணு. நெஞ்சுக்கும் உன் மிஷின்ல போட்டுப் பாத்துடு." சொல்லிவிட்டு எழுந்து போய், ஜீனத்தின் தட்டில் இன்னும் ஒரு ஆப்பம் வைத்தார்கள். "தின்னு. எலும்பும் தோலுமாப் போய் நின்னா அவங்க வூட்டுல என்னைத்தான் பேசுவாங்க."

கரீம் சொன்னபடி வந்தார். ரத்தத்தில் சர்க்கரை அளவாகத்தான் இருந்தது. வயர் ஒட்டிப் படுக்கவைத்தேன், மூச்சோடு அவர் இதயமும் ஏறி இறங்கியது. அச்சுத்தாளை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மாவுக்கு அதில் என்ன தெரியும்? இருந்தாலும் ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். "நல்லா ஆடுது இல்ல?" என்று கேட்டார்கள். ஆடுதும்மா என்றேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். உன்னை நினைத்தா, அவளை நினைத்தா? நான் கேட்கவில்லை.

நோன்புக்கு முன்னால் நிக்காஹ் வைத்திருக்கிறோம். கடையைத் துரை எடுத்து நடத்துவதாகச் சொல்லிவிட்டான், பெயர்ப்பலகையை மாற்ற மாட்டேன் என்கிறான். சுமையா புது வீட்டில் தனக்கு ஒரு ஜன்னல் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் செங்கல்பட்டு ரயிலில் போய் அவளை அழைத்துவந்து அம்மாவிடம் விட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய்விட வேண்டும். அது இப்போதே முடிவாகிவிட்டது.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கவேண்டும், அதற்குத்தான் இவ்வளவும். உன்னை நினைத்து அழ மாட்டேன் என்று சொல்லவில்லை, அது என்னால் ஆகாது. ஆனால் அந்தப் புது வீட்டுக் கதவை நான் தட்டப்போகும்போது உள்ளே ஜீனத் சிரித்துக்கொண்டிருந்தால், என் முகத்தைப் பார்த்து அவள் அந்தச் சிரிப்பை அடக்கிக்கொள்ளும்படி நான் ஒருநாளும் நிற்க மாட்டேன். அவள் சிரித்து முடிக்கும்வரை வாசலில் காத்திருக்கிறேன். அப்புறம் உள்ளே போகிறேன்.

துஆவுடன்,
உனக்குப் பின்னால் அதே வயிற்றில் பிறந்த உன் ஒரே தங்கை,
நஸீமா